பல நோய்களோடு முதுமை: உடலை அசைக்கலாமா?

எழுபது வயதைத் தாண்டிய பலருக்கு வருத்தம் ஒன்றோடு நிற்பதில்லை. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், முழங்கால் வாதம் என மூன்றும் ஒருவரிடமே வந்து சேர்ந்துவிடுகின்றன. நீரிழிவுக்கு நடக்கச் சொல்கிறார்கள். முழங்கால் நடக்க விடுவதில்லை. பிரஷர் கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னதும் பிள்ளைகள் பயந்து, “நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, பேசாமல் இருங்கோ” என்று கையிலிருந்த விளக்குமாற்றையும் வாங்கிவிடுகிறார்கள். அன்பினால் செய்யப்படும் இந்தக் காரியம் மூத்தோருக்குப் பெரும் தீங்காக முடிவதுண்டு.

காரணம் தசைகள். சராசரி 67 வயதுடைய சுகதேகிகள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2007இல் வெளியான அதன் முடிவின்படி, அவர்களின் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொடைத் தசை தேய்வது முதலில் தெரிவது மலசலகூடத்தில்தான். குந்தினால் எழும்ப முடியாது, ஒருவர் கைகொடுக்க வேண்டும். அடுத்தது விழுகை. இடுப்பெலும்பு முறிந்தால், நடமாடித் திரிந்தவர் பிறர் தயவில் வாழ நேரிடும்.

“வயலில் நான் செய்யாத வேலையா, இனி என்ன தேகப்பயிற்சி?” என்று கேட்கும் ஐயாமார் உண்டு. அன்று செய்த வேலையின் பலனை உடல் சேமித்து வைப்பதில்லை. ஆனால் இழந்த பலத்தில் ஒரு பகுதியை எந்த வயதிலும் மீளப் பெறலாம். பொஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப்பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைப் பயிற்சி அளித்தார்கள். இறுதிவரை நின்றவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. இது 1990இல் வெளியான ஆய்வு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எமது வீடுகளில் மூத்தோரைக் கதிரையில் இருத்தி வைப்பதே மரியாதை எனக் கருதுகிறோம்.

மூன்று வருத்தத்துக்கும் மூன்று வகைப் பயிற்சி தேவையில்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குருதியிலுள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒழுங்காக நடப்பவரின் குருதியமுக்கம் காலப்போக்கில் ஓரளவு இறங்கும். முழங்காலில் உள்ள குருத்தெலும்புக்கோ குருதிக்குழாய்கள் இல்லை. மூட்டை மடக்கி நீட்டும்போது சுற்றியுள்ள திரவத்திலிருந்தே அது போசணை பெறுகிறது. ஆகவே அளவான அசைவினால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பயிற்சியின் பின் கூடிய நோ மறுநாளும் நின்றால் அளவைக் குறைத்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் நாட்பட்ட நோயுள்ளவர்களையும் சேர்த்தே பேசுகிறது. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது நடை போன்ற மிதமான அசைவு வேண்டும். மூத்தோருக்கு வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சியும் வேண்டும். தொகையைக் கண்டு மலைக்க வேண்டாம். இயலாதவர் இயன்றதைச் செய்யலாம் என்றும் அதில் உள்ளது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் நீக்கப்பட்டுவிட்டது. முற்றம் கூட்டுவதும் கடைக்கு நடப்பதும் கணக்கில் சேரும். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம்.

தொடங்குவதற்கு ஒரு கதிரை போதும். உறுதியான மரக்கதிரையைச் சுவரோடு அணைத்து வைத்து, அதிலிருந்து மெதுவாக எழும்பி, அதைவிட மெதுவாக இருக்க வேண்டும். முதலில் கைகளை ஊன்றலாம். காலையில் ஐந்து தரம், மாலையில் ஐந்து தரம். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் பிரஷர் ஏறும். இரண்டொரு வாரத்தில் கையூன்றாமல் எழும்பப் பார்க்கலாம். முழங்கால் நோகுமானால் தடித்த விரிப்பை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்தலாம். பின்னர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகளை உயர்த்தி நிற்கவும் பழகலாம்.

மருந்தையும் கவனிக்க வேண்டும். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் வெறுவயிற்றில் நடக்கப் போகக் கூடாது, மடியில் இனிப்பு இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே அதைச் சாப்பிட வேண்டும். பிரஷர் குளிசை எடுப்பவர் படுக்கையை விட்டுத் திடீரென எழும்பாமல், சற்று விளிம்பில் இருந்துவிட்டு எழும்ப வேண்டும். நெஞ்சு இறுகினாலோ வழமையில்லாமல் மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். ஓய்ந்திருந்தும் குறையாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மாரடைப்பு வந்தவர்களும் நெஞ்சு நோ உள்ளவர்களும் தொடங்குமுன் கிளினிக் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நீரிழிவுக்காரர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. நடந்து வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளில் காயமோ கொப்புளமோ உண்டா என்று பேரப்பிள்ளை ஒருவரைக் கொண்டாவது பார்ப்பித்துக்கொள்ள வேண்டும்.