சண்டைக்கு நடுவே 20 நிமிடம்

கணவன் மனைவி வாக்குவாதம் முற்றும்போது, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறுவதே இல்லை. பிடிவாதம் என்று நினைப்பீர்கள். உடலும் அதற்குக் காரணம். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதியரைப் பேசவிட்டு அவர்களின் இதயத் துடிப்பை அளந்தார். துடிப்பு நிமிடத்திற்கு 100ஐத் தாண்டினால், எதிரே இருப்பவரின் பேச்சை உள்வாங்குவது கடினம் என்கிறார் அவர். அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உடலைச் சண்டைக்கோ ஓட்டத்திற்கோ தயார்ப்படுத்திவிடுகின்றன. அந்தப் பதற்றம் தணியக் குறைந்தது 20 நிமிடம் தேவை.

அப்போது பேச்சை நிறுத்துங்கள். ஆனால் சொல்லாமல் எழுந்து போகாதீர்கள். அது புறக்கணிப்பாகத் தெரியும். “அரைமணி நேரம் கழித்துப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. கொஞ்சம் நடங்கள், பாட்டு கேளுங்கள். சொன்ன நேரத்திற்குத் திரும்பி வந்து பேசுங்கள்.