வெளியே பேச ஓர் ஆள்

2018 பிப்ரவரி 7ஆம் தேதி காலை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் முந்தைய நாள் கணக்கைச் சரிபார்த்தவர்கள், வங்கி அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்களைக் கண்டார்கள். துபாய், துருக்கி, சீனா மூன்றுக்குமாக ஏறக்குறைய 20 லட்சம் டாலர். பன்னாட்டு வங்கிகளின் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே அவை போயிருந்தன. ஒப்புகை அச்சடிக்கும் பிரின்டரையும் திருடர்கள் முடக்கியிருந்தார்கள். துபாய்க்குக் கிளம்பிய 5 லட்சம் டாலரை நியூயார்க்கில் மறித்துத் திருப்பிவிட்டார்கள்.

1904இல் தொடங்கிய வங்கி அது. நெல் விற்ற பணத்தை அங்கே போட்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பெரிய அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில் என்பதால், ஃபயர்வால் என்றால் என்ன என்று அப்போது பலரும் என்னைக் கேட்டார்கள்.

சாதாரண ஃபயர்வால் முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்க்கும். இணையதளங்களுக்கான 443 திறந்திருந்தால் விட்டுவிடும். உள்ளே போவது என்ன என்று பிரித்துப் பார்க்காது. ப்ராக்ஸி ஃபயர்வால் வேறு மாதிரி. தஞ்சாவூர்ப் பண்ணைகளில் மிராசுதார் மண்டிக்குப் போகமாட்டார். காரியஸ்தர் போய்ப் பேசி, சரக்கைச் சோதித்து, கணக்கெழுதிக் கொண்டுவருவார். ப்ராக்ஸி செய்வதும் அதுதான். ஊழியரின் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்கும். அது தனியாக வெளியே ஓர் இணைப்பு எடுத்து, வந்ததைப் பரிசோதித்துக் கொடுக்கும். வெளியுலகம் பார்ப்பது ப்ராக்ஸியை மட்டுமே. 1990களின் தொடக்கத்தில் மார்கஸ் ரானம் போன்றவர்கள் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. 1996இல் வந்த இலவச மென்பொருள் ஸ்க்விட் இதை எளிய அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தது.

இதன் உண்மையான பலன், வெளியே போகும் போக்குவரத்தில் இருக்கிறது. மெயிலோடு வந்த கோப்பைத் திறந்ததும் உள்ளே புகும் வைரஸ், பெரும்பாலும் தன்னை அனுப்பியவனோடு தொடர்புகொண்டுதான் அடுத்த உத்தரவை வாங்கும். நேர்வழி இல்லை, ப்ராக்ஸியில் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும், அனுமதித்த தளங்கள் மட்டுமே என்றால், பல வைரஸ்கள் அங்கேயே நின்றுவிடும். நிற்காதவையும் ப்ராக்ஸி எழுதிவைக்கும் பதிவேடான லாகில் தடம் விட்டுப் போகும். நள்ளிரவில் யாரும் இல்லாத கேபினிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் தெரியாத தளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால், காலையில் லாக் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். படிக்க ஆள் வைக்காத அலுவலகங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்று இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி குறியாக்கம் என்ற பூட்டிய உறைக்குள் போகிறது. ப்ராக்ஸி அதையும் திறந்து பார்க்க வேண்டுமென்றால், அலுவலகக் கம்ப்யூட்டர்களில் நிறுவனத்தின் சான்றிதழைப் பதிக்க வேண்டும். இதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்வேன். அவர்களுடைய வங்கி, மருத்துவமனைத் தளங்களுக்கான உறைகளை ப்ராக்ஸி திறக்கவே கூடாது. அது அவர்கள் சொந்த வாழ்க்கை.

“சார், எம்.டி. சிஸ்டத்துக்கு மட்டும் டைரக்ட்டா குடுத்துடுங்க, ஸ்லோவா இருக்காம்” என்று எல்லா இடத்திலும் ஒரு மேனேஜர் வருவார். பணம் கொடுக்க ஒப்புதல் தருகிற மெயில் அந்த சிஸ்டத்தில்தான் இருக்கும். மெதுவாக இருந்தால் ப்ராக்ஸிக்குப் பெரிய சர்வர் வாங்கச் சொல்வேன்; விதிவிலக்கு தரமாட்டேன்.

கும்பகோணத்துக்கு முன்பே, 2016 பிப்ரவரியில், இதே வகைத் திருட்டில் வங்கதேச மத்திய வங்கி 8.1 கோடி டாலரை இழந்தது. அங்கும் பிரின்டர் வேலை செய்யவில்லை. ஃபயர்வாலே இல்லை, பத்து டாலர் பழைய சுவிட்சுகளை வைத்திருந்தார்கள் என்று அந்நாட்டு விசாரணை அதிகாரி சொன்னார். அதனால்தான் பணம் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு நான் ப்ராக்ஸி வழியாகக்கூட இணையம் தருவதில்லை. அதற்கென்று தனி நெட்வொர்க் போட்டு, அது பேச வேண்டிய ஓரிரு முகவரிகளை மட்டும் திறந்துவைப்பேன்.