42 வயதில் சின்தசைசர், 71 வயதில் ஒரு மெயில்: ஒரு கேசட்டின் 29 ஆண்டுப் பயணம்

ஆறு பாடல்கள், 200 கேசட்டுகள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹன்ட்ஸ்வில் என்ற சிற்றூர்ப் பக்கம் வசித்துவந்த பெவர்லி க்ளென்-கோப்லேண்ட் 1986-ல் சொந்தமாக வெளியிட்ட ஆல்பத்தின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். அப்போது அவருக்கு 42 வயது. எந்த கம்பெனியும் பின்னால் இல்லை, விளம்பரமும் இல்லை. விற்றது சில டஜன் கேசட்டுகள். மீதி வீட்டிலேயே கிடந்தன.

'கீபோர்ட் ஃபேன்டசீஸ்' என்ற அந்த ஆல்பத்தை இன்று மெதுவான எலெக்ட்ரானிக் இசை கேட்கும் யாரிடம் சொன்னாலும் தெரியும். இளம் இசைக்கலைஞர்கள் ரீமிக்ஸ் செய்கிறார்கள், அவரைப் பற்றி ஆவணப்படமே வந்துவிட்டது. 'லேட்டா வந்தாலும் லேட்டஸ்ட்டா வந்தார்' கதைதானே என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இதில் வீட்டுப் பிரச்னையும் இருக்கு.

டவுன்டெம்போன்னா என்ன?

ஒரு பாடலில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு விழுகிறது என்பதுதான் பிபிஎம். கிளப்பில் ஆட வைக்கும் ஹவுஸ் இசை பொதுவாக 120 முதல் 130 வரை ஓடும். டவுன்டெம்போ அதைவிட நன்றாகக் கீழே, பெரும்பாலும் 70-க்கும் 110-க்கும் இடையே நடக்கும். ஆம்பியன்ட் இசையில் பல நேரம் தாளமே இருக்காது. டவுன்டெம்போவில் தாளம் உண்டு, அவசரம் கிடையாது.

1990-களில்தான் இந்தப் பெயர் பரவலானது. ரேவ் பார்ட்டிகளில் ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்க 'சில்-அவுட்' அறைகள் இருந்தன. இபிசா தீவின் கஃபே டெல் மாரில் சூரியன் மறையும் நேரத்துக்கென்றே இசை போட்டார்கள். பிரிஸ்டலில் மாசிவ் அட்டாக், வியன்னாவில் க்ரூடர் அண்ட் டார்ஃப்மைஸ்டர் என ஆளாளுக்கு ஒரு பாணி. நீங்க வேலை பார்க்கும்போது பின்னணியில் ஓடவிடும் லோ-ஃபை பீட்ஸ் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

க்ளென்-கோப்லேண்டின் கேசட் இந்த லேபிளுக்கெல்லாம் மூத்தது. நியூ ஏஜ் என்பார்கள், ஆம்பியன்ட் என்பார்கள், டவுன்டெம்போ வரிசையிலும் வைப்பார்கள். அவருக்கு அந்தக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை.

அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?

1944-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா வீட்டில் மணிக்கணக்கில் பியானோ வாசிப்பார். பதின்வயதிலேயே கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு இசை படிக்கப் போனார். ஜெர்மன் செவ்வியல் பாடல்களில் பயிற்சி. அங்கே இசை படித்த முதல் கறுப்பின மாணவர்களில் ஒருவர். படிப்பு பாதியில் நின்றது. பிறகு ஃபோக்கும் ஜாஸும் கலந்த இரண்டு ஆல்பங்கள், 1970-களின் தொடக்கத்தில். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

சோறு போட்டது குழந்தைகள் டிவி. 'செசமி ஸ்ட்ரீட்'டுக்கு எழுதினார். கனடாவின் பிரபல சிறுவர் நிகழ்ச்சியான 'மிஸ்டர் டிரெஸ்அப்'பில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக முகம் காட்டினார். ஒரு தலைமுறைக் கனடியக் குழந்தைகளுக்கு அவர் தெரிந்த முகம். ஆனா அவர் என்ன மாதிரி இசை அமைக்கிறார் என்பது அவர்களின் பெற்றோருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

இதை 'வீணான வருஷங்கள்' என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறைந்த சொற்கள், திரும்பத் திரும்ப வரும் மெட்டு, பயமுறுத்தாத குரல் என 'கீபோர்ட் ஃபேன்டசீஸ்' முழுக்க இருப்பவை ஒரு நல்ல குழந்தைப் பாட்டின் குணங்களும்தான்.

அந்த நேரத்தில் என்ன மாறியது?

கருவிகள் மாறின. 1983-ல் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சின்தசைசரைக் கொண்டுவந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் அது வேலை செய்தது. ஒரு ஒலி அலையை இன்னொரு அலை மிக வேகமாக ஆட்டும்போது மணிச்சத்தம், கண்ணாடிச்சத்தம் போன்ற புதிய ஒலிகள் பிறக்கும். 80-களின் சினிமாப் பாட்டுகளில் கேட்கும் அந்தப் பளிங்கு மாதிரியான எலெக்ட்ரிக் பியானோ ஒலி ஞாபகம் வருதா? அந்த ஒலியின் முகவரி பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். அதே 1983-ல் மிடியும் வந்தது. வேறு வேறு கம்பெனிகளின் கருவிகளும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச அது ஒரு பொது மொழி. 1985-ல் ரோலண்ட் டிஆர்-707 டிரம் மெஷின் கடைக்கு வந்தது.

நம்ம ஊரிலும் இதே காலம்தான். கம்ப்யூட்டரையும் சீக்வென்சரையும் இசையில் பயன்படுத்தியதற்காக இன்றும் பேசப்படும் இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' வந்ததும் 1986-ல். அங்கே பின்னால் ஒரு பெரிய திரைத்துறை இருந்தது. ஹன்ட்ஸ்வில்லில் சுற்றிலும் காடும் பனியும்தான்.

க்ளென்-கோப்லேண்ட் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிஎக்ஸ்7, ஒரு டிஆர்-707 வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனதில் கேட்கும் பல அடுக்கு இசையை வாசிக்க இனி வயலின்காரர்களையோ ஸ்டுடியோவையோ தேட வேண்டாம். கற்றுக்கொள்வது மட்டும் லேசில்லை. டிஎக்ஸ்7-ல் ஓர் ஒலியை நாமே உருவாக்குவது, சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு பட்டன் பட்டனாகத் தட்டிப் பொறுமையைச் சோதிக்கிற வேலை. ரொம்பப் பேர் கம்பெனி கொடுத்த ரெடிமேட் ஒலிகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த வகை இசை தாமதமாக வருபவர்களுக்கு ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. டெக்னோவோ ஹவுஸோ செய்ய கிளப் வேண்டும், டிஜே நட்பு வேண்டும், ராத்திரி முழுக்க முழித்திருக்க உடம்பும் வேண்டும். டவுன்டெம்போவுக்கு ஓர் அறையும் ஹெட்போனும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். குடும்பம், வேலை எல்லாம் முடிந்து மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தில் அது வளரும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இந்தியாவில் உண்டு. பாம்பே சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 40-ஐக் கடந்த பிறகு 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைசரில் வாசித்து ஆல்பம் போட்டார். அது அசுர வேகம். அப்போது எடுபடவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனதும் 'ஆசிட் ஹவுஸை இவர் முன்பே செய்துவிட்டார்' என்று ஐரோப்பா அதிர்ந்தது. 70 வயதைக் கடந்த பிறகு அங்கே மேடை ஏறினார். 2015-ல் காலமானார்.

அந்த மெயில்

2015-ன் கடைசியில் ஜப்பானிலிருந்து க்ளென்-கோப்லேண்டுக்கு ஒரு மெயில் வந்தது. அரிய இசைத்தட்டுகளைத் தேடி விற்கும் ரியோட்டா மசூகோ எழுதியிருந்தார். 'கீபோர்ட் ஃபேன்டசீஸ்' கேசட்டுகள் மிச்சம் இருக்கிறதா, 30 கிடைக்குமா? அனுப்பினார். சில நாளில் தீர்ந்து, இன்னும் வேண்டும் என்றார்கள். விற்காத கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல் 29 வருடம் வைத்திருந்ததால்தான் அந்த மெயிலுக்கு 'இருக்கு' என்று பதில் போட முடிந்தது.

அடுத்து லேபிள்கள் வரிசையாகக் கதவைத் தட்டின. ஆல்பம் மறுவெளியீடு கண்டது. பேரப்பிள்ளை வயது இசைக்கலைஞர்களோடு மேடை ஏறினார். 2019-ல் ஆவணப்படம் வந்தது. 2000-களின் தொடக்கத்திலேயே தன்னைத் திருநம்பி எனப் பொதுவெளியில் அறிவித்திருந்த அவருக்கு, இசைக்காக மட்டுமில்லாமல் அந்த வாழ்க்கைக்காகவும் ஓர் இளம் ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

சரி, காசு?

வீட்டுப் பிரச்னை என்று சொன்னது இதைத்தான். மறுவெளியீடும் ஸ்ட்ரீமிங்கும் பேர் வாங்கித் தரும். தனி இசைக்கலைஞருக்கு உண்மையில் பணம் தருவது பெரும்பாலும் மேடைதான். 2020-ல் பெரிய சுற்றுப்பயணம் திட்டமிட்டிருந்தார். கொரோனா வந்து எல்லாம் ரத்து. வருமானம் போனது, கூடவே இருக்க வீடும் இல்லாமல் போனது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்த 76 வயதுக் கலைஞரும் அவர் மனைவி எலிசபெத்தும் தலைக்கு மேல் கூரை தேடினார்கள். மகள் ஆன்லைனில் நிதி திரட்டத் தொடங்கினார், ரசிகர்கள் கொடுத்தார்கள், வீடு கிடைத்தது.

அதே 2020-ல்தான் கனடாவின் போலாரிஸ் பாரம்பரிய விருது 'கீபோர்ட் ஃபேன்டசீஸ்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. இரண்டு செய்தியும் ஒரே வருடம்.

2023-ல் 'தி ஒன்ஸ் அஹெட்' வந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளில் அவரது முதல் புதிய ஆல்பம். அடுத்த ஆண்டு, தனக்கு டிமென்ஷியா இருப்பதை அவரே வெளிப்படையாக அறிவித்தார்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

'எவர் நியூ' பாடலிலிருந்து. குரல் உடனே வராது, ஸ்கிப் பண்ணாதீங்க. கீபோர்ட் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடிந்த பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். டிரம் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய 'லெட் அஸ் டான்ஸ்'. கடைசிப் பாடல் 'சன்செட் வில்லேஜ்' ராத்திரிக்கு, போன் ஸ்பீக்கரில் இல்லாமல் ஹெட்போனில். பிடித்திருந்தால் 2021-ல் மற்ற கலைஞர்கள் இந்தப் பாடல்களை மாற்றி அமைத்த 'கீபோர்ட் ஃபேன்டசீஸ் ரீஇமேஜின்ட்' இருக்கிறது. அதை மட்டும் ஒரிஜினலுக்கு முன்னாடி கேட்காதீங்க.