பெட்ரோலைக் குடிக்கும் சின்ன விரிசல்!

திண்டுக்கல் சிக்னலில் நிற்கும்போது உங்கள் டர்போ பெட்ரோல் கார் உதறுகிறதா? வத்தலக்குண்டு தாண்டி, சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்கு ஏறும்போது பிக்கப் இல்லாமல் பெட்ரோலை மட்டும் குடிக்கிறதா? 'டர்போ போச்சு' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் டர்போ நன்றாகவே இருக்கலாம். கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில் இருக்கலாம்.

பல கார்களில் இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கும். அந்தக் கணக்குப்படிதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். டர்போவைத் தாண்டிய ஹோஸில் விரிசல் விட்டால், அளந்த காற்று வழியிலேயே கசிந்துவிடும். பெட்ரோல் மட்டும் முழுசாக இறங்கும். மேடேறும்போது 'உஸ்' சத்தம், கரும்புகை, மைலேஜ் காலி!

த்ராட்டிலுக்கு அப்பால் விரிசல் என்றால் கதை வேறு. ஐடிலிங்கில் அளக்காத காற்று உள்ளே புகும், இன்ஜின் உதறும்.

ஸ்கேனரில் பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0172 என்றால் அதிகம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. அதைப் பார்த்ததுமே சென்சாரை மாற்றுவது வீண்செலவு. மெக்கானிக்கிடம் 'ஸ்மோக் டெஸ்ட்' கேளுங்கள். குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், விரிசல் வழியே அது எட்டிப் பார்க்கும். கசிவே இல்லையா? அடுத்து ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். புழுதிச் சாலையில் ஓடும் வண்டி என்றால், எல்லாவற்றுக்கும் முன்பு ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு மெக்கானிக்கூடத் தேவையில்லை.