கேலியும் கைதட்டலும்!

குட்டீஸ்... உங்களுக்குப் பிடித்த வீரர் வேறு அணிக்குப் போனால் கோபம் வரும்தானே? அந்தக் கோபத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

ஹர்திக் பாண்ட்யா, ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2015 முதல் மும்பை அணிக்காக ஆடியவர். 2022ல் குஜராத் அணிக்கு கேப்டனாகி, முதல் ஆண்டிலேயே கோப்பையை வென்றார். 2023 நவம்பரில் இரு அணிகளும் பேசி, அவரை மீண்டும் மும்பைக்கு மாற்றின. அடுத்த மாதமே, ஐந்து கோப்பை வென்று தந்த ரோகித் சர்மாவுக்குப் பதிலாக அவர் கேப்டன் ஆனார்.

'விட்டுப் போய்விட்டாரே' என்று குஜராத் ரசிகர்களுக்குக் கோபம். 'ரோகித்தை நீக்கிவிட்டார்களே' என்று மும்பை ரசிகர்களுக்குக் கோபம். 2024ல் ஆமதாபாத், மும்பை இரண்டு ஊர்களிலும் ஹர்திக்கைக் கண்டதும் கூச்சலிட்டுக் கேலி செய்தனர். கேப்டனை மாற்றியது நிர்வாகம். ஏச்சு வாங்கியதோ வீரர்! அந்த ஆண்டு மும்பைக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது.

2024 ஜூன் 29. டி-20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்குத் தேவை 16 ரன். பந்து வீசிய ஹர்திக், 8 ரன்தான் கொடுத்தார். இந்தியா வென்றது! ஜூலை 4ல் அதே மும்பை ரசிகர்கள், 'ஹர்திக்... ஹர்திக்...' என்று முழங்கினர்.

நாளை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில், உங்கள் பள்ளியை விட்டுப் போன தோழன் எதிரணியில் நிற்கலாம். முதலில் கை கொடுங்கள். பிறகு ஜெயிக்கப் பாருங்கள்!