மலையாற்று நீரும் சுவட்டு உலோகங்களும்

மழைநீர் மலைமுகட்டில் வீழ்ந்து, பாறைகளைக் கழுவி, ஓடைகளாய்த் திரண்டு ஆறாகின்றது. ஆதலின் நீரேந்து பிரதேசத்தின் கல்லிலும் மண்ணிலும் உள்ளவை சிறிதளவேனும் ஆற்றிற் கலந்தே தீரும். இவ்வாறு மிக நுண்ணிய அளவிற் காணப்படும் உலோகங்களைச் சுவட்டு உலோகங்கள் என்பர். செம்பு, துத்தநாகம் போன்றவை அவ்வளவில் உயிர்க்கு இன்றியமையாதன. ஈயம், கட்மியம் ஆகியவற்றாலோ உடலுக்குப் பயன் யாதுமில்லை. அளவிற் சிறியன என்பதனால் இவற்றைப் பொருட்படுத்தாது விடலாமோ? இவ்வினாவுக்கு யப்பான் நாட்டு ஜின்சூ ஆறு அளித்த விடையை ஈண்டு நோக்குவோம்.

ஜின்சூ ஆறு ஹிடா மலைப் பகுதியிலிருந்து வடக்கே பாய்ந்து, தொயாமாச் சமவெளியின் நெல்வயல்களுக்கு நீரூட்டிக் கடலை அடைகின்றது. அதன் கிளையாறாகிய தக்காஹாராவின் கரையில், மிட்சுயி நிறுவனத்தின் கமியோக்காச் சுரங்கம் இருந்தது. அங்கே ஈயமும் துத்தநாகமும் அகழப்பட்டன. துத்தநாகத் தாதிலே கட்மியம் இயல்பாகவே கலந்திருக்கும். தாதை நுண்பொடியாக அரைத்து வேண்டிய உலோகத்தைப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய கழிவு பல்லாண்டுகள் ஆற்றிற் சேர்ந்தது. நீர் பாய்ச்சுந்தோறும் அப்பொடி வயலிற் படிந்தது. வாய்க்கால் நீர் புகும் இடத்தை அடுத்த பயிர் குன்றியதை உழவர் கண்டனர்.

வயலில் நீர் நிற்குங்கால், கட்மியம் கந்தகத்துடன் சேர்ந்து கரையாத பொருளாய்க் கிடக்கும். கதிர் முற்றும் பருவத்தில் நீரை வடித்து விட்டால், காற்றிலுள்ள ஒட்சிசன் மண்ணுட் புகும். அப்பொழுது கட்மியம் கரைந்து வேர்வழியே நெல்மணியை அடையும். அரிசியை உண்பவர் உடலிலே அது சிறுநீரகத்திற் சேர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேலாகவும் வெளியேறாது தங்கும். நாளடைவிற் சிறுநீரகம் பழுதுற, எலும்புக்கு வேண்டிய பொசுபேற்று முதலியன சிறுநீருடன் கழிந்துவிடும். எலும்பு மென்மையுறும்.

இந்நோய்க்கு ஆளானோர் பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்களே. இருமினாலும் அவர்தம் விலாவெலும்பு முறிந்தது. "இத்தாய், இத்தாய்" என அவர்கள் அரற்றினர். "நோகிறதே, நோகிறதே" என்பது அதன் பொருள். அதுவே நோயின் பெயருமாயிற்று. சத்துக் குறைவே காரணமென்று பலர் கூறினர். ஊர் வைத்தியரான ஹகினோ நொபொரு, நோயாளர் யாவரும் அவ்வாற்று நீர் பாயும் ஊர்களிலேயே வாழ்ந்தமையை உணர்ந்தார். 1961ஆம் ஆண்டில், அவரும் யோஷியோக்கா கின்-இச்சி என்ற வேளாண்மை அறிஞரும் கட்மியமே காரணமென எடுத்துரைத்தனர். 1968இல் யப்பானிய அரசு அதனை ஏற்றது. அவ்வாண்டிலேயே மக்கள் வழக்குத் தொடுத்து, 1971இல் தொயாமா மாவட்ட நீதிமன்றத்திலும், 1972இல் மேன்முறையீட்டிலும் வென்றனர்.

இழப்பீட்டுப் பணத்துடன் அவர்கள் அமையவில்லை. ஆண்டுதோறும் அறிவியலாளருடன் சுரங்கத்துட் சென்று சோதிக்கும் உரிமையையும் பெற்றனர். ஆற்றுநீரிற் கட்மியம் குறைந்து, இயற்கையளவை நெருங்கியது. 2001இல் தாது அகழ்தலும் நின்றது. ஆயினும் நஞ்சேறிய வயல்களின் மண்ணை மாற்றிச் சீராக்கும் பணி 2012ஆம் ஆண்டிலேயே முற்றுப்பெற்றது. நீரைத் திருத்துதல் எளிது. மண்ணைத் திருத்துதல் அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று யப்பானில், ஒரு கிலோகிராம் அரிசியில் 0.4 மில்லிகிராமுக்கு மேற் கட்மியம் இருத்தலாகாது என்பது விதி. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத அளவு அது. ஆனால் நாம் அரிசியை ஒரு நாள் உண்டு நிறுத்துவதில்லை. வாழ்நாள் முழுதும் உண்கிறோம். சிறிதென்று தள்ளியது நாள்தோறும் சேர்ந்து பெரிதாகின்றது.

எமது கல்லூரியிற் பயின்றோருட் பலர் இன்று பொறியியலாளராயும் வைத்தியராயும் நிருவாகிகளாயும் விளங்குகின்றனர். மலையில் ஒரு தொழிலுக்கு ஒப்பமிடும் கை, அடிவாரத்து வயலையும் அங்கு உண்ணும் தாயையும் நினைந்து ஒப்பமிடுமாக என்பதே எமது வேண்டுகோள்.