கிணற்று நீரில் மருந்து எச்சம்: அகற்ற உதவும் வெள்ளித் துகள்

வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து முழுவதும் பயிரிலேயே தங்கிவிடுவதில்லை. மழை நீரோடும் பாசன நீரோடும் ஒரு பகுதி வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேருகிறது. இந்த எச்சம் கண்ணுக்குத் தெரியாது. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆனால் மருந்து எச்சம் நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. துணியில் வடிகட்டுவதாலும் பயனில்லை. வயல் கிணற்று நீரையே குடிக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவருடன் ஆராய்ச்சி செய்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். தங்கம், வெள்ளி ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் கலந்த மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதே அது.

நானோ துகள் என்பது என்ன?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இத்துகள்களோ நூறு நானோமீட்டருக்கும் குறைவானவை. வெல்லக் கட்டியைவிடப் பொடித்த வெல்லம் விரைவில் கரைகிறது. பொடிக்கும்போது நீர் படும் பரப்பு கூடுவதே காரணம். உலோகத்தைத் துகளாக்கும்போதும் பரப்பு பல மடங்காகிறது. மருந்து வந்து ஒட்ட இடம் கிடைக்கிறது. குடத்தில் வெள்ளிக் காசைப் போட்டால் இந்த வேலை நடக்காது.

நிறம் காட்டும் தங்கம்

தங்க நானோ துகள் கலந்த நீர் மஞ்சளாக இராது, சிவப்பாக இருக்கும். அதில் எண்டோசல்பான் சேர்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. நீர் நீலமாக மாறுகிறது. 2003-ல் வெளியான ஆய்வில் இது காட்டப்பட்டது. (எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.)

சுத்தம் செய்யும் வெள்ளி

தங்கத்தைவிட வெள்ளி விலை குறைவு. வெள்ளித் துகள்களை அலுமினா என்ற பொடியின் மேல் படியவைத்து, அதன் வழியே நீரைச் செலுத்தினார்கள். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் ஆகிய மருந்துகள் துகளில் தங்கிவிட்டன. பின்னர் இம்முறை வீட்டு வடிகட்டிகளிலும் இடம் பெற்றது.

கவனிக்க வேண்டியவை

இத்துகள்கள் நீரின் உப்பையோ புளோரைடையோ நீக்குவதற்கானவை அல்ல. துகளின் பரப்பு நிரம்பிய பிறகு வடிகட்டி வேலை செய்யாது. உரிய காலத்தில் உள்பாகத்தை மாற்ற வேண்டும். வடிகட்டி வாங்குமுன், அது பூச்சிமருந்தை நீக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நலம். எல்லா வடிகட்டிகளிலும் இந்த வசதி இல்லை.

நீரில் சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளலாம். சாதாரண நீர்ப் பரிசோதனையில் மருந்து எச்சம் தெரியாது. ‘மருந்து எச்சம் பார்க்க வேண்டும்’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எந்த வடிகட்டியும் வருமுன் காப்பதற்கு ஈடாகாது. தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவக் கூடாது. மீந்த மருந்துக் கரைசலை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீர் மொள்ளக் கூடாது. இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை. கிணறு கெடாமல் இருக்கும்.